ஓரெழுத்து வித்தியாசம்: கிரியற்றினும் கிரியற்றினினும்

எங்கள் வீட்டில் 'கிரியற்றினின்' என்பது சின்னவர் முதல் பெரியவர் வரை தெரிந்த சொல். உம்மம்மாவுக்குப் பல வருடங்களாக நீரிழிவு. அவர் கிளினிக்குக்குப் போய் வந்ததும் உம்மா கிளினிக் கொப்பியைத் திறந்து முதலில் தேடுவது அந்த இலக்கத்தைத்தான். அது கூடியிருந்தால் அன்று வீட்டில் ஒருவரும் சத்தமாகக் கதைக்க மாட்டோம். கூடாமல் இருந்தால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு உம்மா தேநீர் ஊற்றப் போவார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் கடந்த வருடம் என் நானா ஒரு வெள்ளை ரின்னோடு வந்தார். அவருக்கு 21 வயது. சில மாதங்களாக ஜிம்முக்குப் போகிறார். ரின்னில் இருந்த பெயரை உம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"உம்மம்மாட கொப்பியில எழுதுற சாமான்தானே மகன் இது? கூடக்கூடாது எண்டு டொக்டர் சொல்றத நீ காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறியா?"

நானா சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. "இதக் குடிச்சா கிட்னி போயிரும்" என்றார். "ஜிம்முல எல்லாரும் குடிக்கிறாங்க, ஒண்டும் ஆகாது" என்றார் நானா. இருவரும் என்னைப் பார்த்தார்கள். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் நான்தானே! அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு பாடப்புத்தகத்தில் தேடியும், ஆசிரியையிடமும் எங்கள் குடும்ப வைத்தியரிடமும் கேட்டும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். வாப்பா சொன்னதும் முழுச் சரியில்லை, நானா சொன்னதும் முழுச் சரியில்லை என்பதை இதை வாசித்து முடிக்கும்போது நீங்களும் காண்பீர்கள்.

கிரியற்றின் என்பது என்ன?

முதலில் உம்மாவின் கேள்விக்கு வருவோம். ரின்னில் இருப்பது கிரியற்றின். உம்மம்மாவின் கொப்பியில் இருப்பது கிரியற்றினின். ஓரெழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் ஒன்று எரிபொருளுக்கு உதவுவது. மற்றையது அது உடைந்தபின் மிஞ்சும் கழிவு. விறகையும் சாம்பலையும் ஒன்றென்று சொல்ல முடியாதல்லவா?

கிரியற்றின் மருந்தும் அல்ல, ஸ்டீரொய்ட்டும் அல்ல. 1832இல் மிஷேல் செவ்ரோல் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் இறைச்சியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இதற்குப் பெயரும் வந்தது. நமது உடலே இதைத் தயாரிக்கிறது. ஆர்ஜினின், கிளைசின், மெதியோனின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களிலிருந்து, சிறுநீரகத்தில் முதற்படியும் ஈரலில் இரண்டாம் படியும் நடைபெற்று கிரியற்றின் உருவாகிறது. எந்தச் சிறுநீரகத்தை இது அழித்துவிடும் என்று பயப்படுகிறோமோ, அதே சிறுநீரகம்தான் இதைத் தயாரிக்கும் வேலையைத் தொடக்கி வைக்கிறது!

ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 கிராம் இவ்வாறு உடலில் உண்டாகிறது. இறைச்சியும் மீனும் உண்பவர்களுக்கு உணவிலிருந்து இன்னும் 1 கிராம் அளவில் கிடைக்கிறது. சமைக்காத மாட்டிறைச்சி அரைக் கிலோவில் சுமார் 2 கிராம் கிரியற்றின் இருக்கும். மரக்கறியில் இது இல்லையென்றே சொல்லலாம். அதனால் சைவ உணவு உண்பவர்களின் தசைகளில் இதன் அளவு சற்றுக் குறைவாக இருக்கும். அதற்காக அவர்களுக்கு ஒரு குறைபாடும் வருவதில்லை. தேவையானதை உடலே தயாரித்துக்கொள்கிறது.

70 கிலோ நிறையுள்ள ஒருவரின் உடலில் மொத்தம் 120 கிராம் அளவில் கிரியற்றின் இருக்கும். அதில் 95 சதவீதமளவு எலும்புத்தசைகளில்தான் உள்ளது. மூளையிலும் இதயத்திலும் மீதி இருக்கிறது.

தசைக்குள் அது செய்யும் வேலை

உயர்தர உயிரியல் படிப்பவர்களுக்கு ஏ.ரி.பி. என்ற மூலக்கூறு தெரிந்ததுதான். கலத்தில் எந்த வேலை நடந்தாலும் அதற்கான சக்தியை உடனடியாகக் கொடுப்பது அது. ஏ.ரி.பி. ஒரு பொசுபேற்றை இழந்து ஏ.டி.பி. ஆகும்போது சக்தி வெளிவருகிறது. ஆனால் தசையில் சேமித்துள்ள ஏ.ரி.பி. கடும் முயற்சியின்போது சில விநாடிகளுக்கே போதுமானது. அதன்பின் அதை மீண்டும் உருவாக்கவேண்டும்.

அந்த இடத்தில்தான் கிரியற்றின் உதவுகிறது. தசையில் அது ஒரு பொசுபேற்றைப் பிடித்துக்கொண்டு பொசுபோகிரியற்றினாகக் காத்திருக்கிறது. ஏ.டி.பி. வந்ததும் தன்னிடமுள்ள பொசுபேற்றை அதற்குக் கொடுத்து மீண்டும் ஏ.ரி.பி. ஆக்கிவிடுகிறது. கடையில் மாற்றிய காசு முடிந்ததும் பக்கத்துக் கடைக்காரர் கைமாற்றாகத் தருவதைப் போன்றது இது. அவசரத்துக்கு உதவும், நாள் முழுவதும் அதை வைத்து வியாபாரம் நடத்த முடியாது.

எனவே பாரம் தூக்குதல், 100 மீற்றர் ஓட்டம், பாய்தல் போன்ற குறுகிய நேரக் கடும் முயற்சிகளுக்கே இதனால் பயன் உண்டு. மரதன் ஓடுபவருக்குப் பெரிய பயன் இல்லை. ஜிம்முக்கே போகாமல் கதிரையில் இருந்துகொண்டு குடித்தால் தசை வளரும் என்று நினைப்பது வீண். தசையை வளர்ப்பது பயிற்சி. கிரியற்றின் அந்தப் பயிற்சியில் இன்னும் ஓரிரு தடவை பாரத்தைத் தூக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

1992இல் ரோஜர் ஹரிஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கிரியற்றினை வாயினால் உட்கொண்டால் தசையில் அதன் அளவு கூடுகிறது என்று காட்டினர். அதன்பிறகுதான் விளையாட்டு உலகில் இது பரவியது. இன்று பலரும் எடுக்கும் அளவு ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம். சிலர் முதல் ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு 20 கிராம் வரை எடுப்பார்கள். ஜிம்களில் இதை 'லோடிங்' என்பார்கள். ஆனால் ஒரு நாளைக்கு 3 கிராம் மட்டும் எடுத்தாலும் நாலு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடுகிறது என்று 1996இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அவசரப்படுவதால் கிடைக்கும் இலாபம் மூன்று வாரம் மட்டுமே.

அந்த இலக்கம் 1.4

வாதம் முடியவில்லை. தான் சொன்னதை நிரூபிப்பதற்காகவே வாப்பா நானாவை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானா கிரியற்றின் எடுக்கத் தொடங்கி அப்போது 40 நாட்கள். அறிக்கை வந்தது. கிரியற்றினின் 1.4 மில்லிகிராம், ஒரு டெசிலீற்றருக்கு. ஆண்களுக்குப் பொதுவாக 0.7 முதல் 1.3 வரை இருக்கலாம்.

அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நானாவின் முகம் வெளுத்திருந்தது. உம்மா தொழுகைப் பாயிலிருந்து எழும்பவே இல்லை. உம்மம்மா மட்டும், "எனக்கு இருக்கிற வருத்தம் என் பேரப்பிள்ளைக்கும் வந்திட்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வைத்தியர் அறிக்கையைப் பார்த்துவிட்டு நானாவிடம் மூன்று கேள்விகள் கேட்டார். "கிரியற்றின் எடுக்கிறீங்களா? பரிசோதனைக்கு முதல் நாள் ஜிம்முக்குப் போனீங்களா? இரவு என்ன சாப்பிட்டீங்க?" மூன்றுக்கும் நானாவின் பதில்: எடுக்கிறேன், போனேன், மாட்டிறைச்சி.

வைத்தியர் விளங்கப்படுத்தியது இதுதான். தசையிலுள்ள கிரியற்றினில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.7 சதவீதம் தானாகவே கிரியற்றினினாக மாறும். 120 கிராமுக்கு அது 2 கிராம். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பழுதடைந்தால் வடிகட்டல் குறையும், கழிவு இரத்தத்தில் தேங்கும், இலக்கம் கூடும். உம்மம்மாவின் கொப்பியில் வைத்தியர்கள் கவனிப்பது அதைத்தான். ஆனால் இலக்கம் கூட இன்னொரு வழியும் உண்டு. வடிகட்டி நன்றாக இருந்தும், கழிவின் வரவு கூடினாலும் இலக்கம் கூடலாம். கிரியற்றினை மேலதிகமாக உட்கொண்டால், தசை கூடுதலாக இருந்தால், கடும் பயிற்சி செய்தால், இறைச்சி நிறையச் சாப்பிட்டால் வரவு கூடும். வீட்டு வாசலில் குப்பை அதிகமாகக் கிடந்தால், குப்பை வண்டி வரவில்லை என்பதும் காரணமாகலாம். நேற்று வீட்டில் கல்யாணம் என்பதும் காரணமாகலாம்.

அறிக்கையில் கிரியற்றினினுக்குக் கீழே வடிகட்டல் வீதம் என்று இன்னோர் இலக்கமும் இருக்கும். அது நேராக அளந்தது அல்ல. வயது, பால், கிரியற்றினின் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டுக் கணித்தது. 21 வயது ஆணுக்கு 1.4 என்று இட்டால் வீதம் 73 அளவில் வரும். 1.0 என்று இட்டால் 110 அளவில் வரும். நானாவின் ரின்னைப் பற்றி அந்தச் சூத்திரத்துக்கு ஒன்றும் தெரியாது.

ஓர் ஆய்வுகூட அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை இலங்கையர் நாம் வேறொரு விடயத்திலும் கண்டிருக்கிறோம். 2015 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா ஊக்கமருந்துப் பரிசோதனை அறிக்கையொன்றினால் தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டார். 2016 மே மாதத்தில், அந்த அறிக்கையை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று தெரியவந்து, சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டை வாபஸ் பெற்றது. இடையில் அவர் உலக ரி20 போட்டித் தொடரையே இழந்திருந்தார்.

எங்கள் வைத்தியர் நானாவைக் கிரியற்றினை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். மறுபரிசோதனைக்கு முதல் இரண்டு நாள் ஜிம் வேண்டாம், முதல் நாள் இரவு இறைச்சி வேண்டாம் என்றார். கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொன்னார். சிறுநீரகத்தின் கலன்கோளங்கள் பழுதடைந்தால் இரத்தத்தில் நிற்கவேண்டிய புரதம் சிறுநீருக்குள் கசியும். கிரியற்றின் குடிப்பதால் மட்டும் அது கசிவதில்லை. சந்தேகம் தீராவிட்டால் சிஸ்டற்றின் சி என்ற பரிசோதனையும் உண்டு. அது தசையின் அளவையோ கிரியற்றினையோ பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை.

இரண்டு வாரத்துக்குப் பின் இலக்கம் 1.1. சிறுநீரில் புரதம் இல்லை.

பயம் எங்கிருந்து வந்தது?

வாப்பாவின் பயத்தைக் குறைசொல்ல முடியாது. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் எத்தனையோ விவசாயக் குடும்பங்களைச் சீரழித்திருக்கிறது. அந்த நோய்க்கும் கிரியற்றினுக்கும் தொடர்பில்லை. என்றாலும் 'சிறுநீரகம்' என்றதும் மனம் பதறும் நாடு நம்முடையது.

கிரியற்றினைப் பற்றிய பயத்துக்கு வெளிநாட்டிலும் இரண்டு காரணங்கள் இருந்தன. 1997இன் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் கிரியற்றின்மீது சந்தேகம் எழுந்தது. விசாரித்தபோது, போட்டிக்கு முன் நிறையைக் குறைப்பதற்காக அவர்கள் தண்ணீரைக் குறைத்து, வியர்வை வெளியேறாத உடைகளை அணிந்து, சூடான இடங்களில் கடும் பயிற்சி செய்தது தெரியவந்தது. அவர்களைக் கொன்றது நீரிழப்பும் உடற்சூடும்.

1998இல் லான்செற் மருத்துவ இதழில் 25 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதப்பட்டது. கிரியற்றின் எடுத்தபோது அவரது சிறுநீரகத் தொழிற்பாடு குறைந்து, நிறுத்தியபின் பழைய நிலைக்கு வந்தது. ஆனால் அவருக்கு அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்பிருந்தே கலன்கோளங்களில் தழும்பு ஏற்படும் நோய் இருந்தது. அதற்காக சைக்ளோஸ்போரின் என்ற கடும் மருந்தும் எடுத்து வந்தார். மறுபக்கம், பத்து மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை கிரியற்றின் எடுத்த விளையாட்டு வீரர்களைப் பரிசோதித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில் சிறுநீரகப் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை. விளையாட்டுப் போசாக்குக்கான சர்வதேசச் சங்கம் 2017இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்து, ஆரோக்கியமானவர்களுக்கு உரிய அளவில் இது பாதுகாப்பானது என்று கூறியது.

இந்த வாக்கியத்தில் 'ஆரோக்கியமானவர்களுக்கு', 'உரிய அளவில்' என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டுத்தான் ஜிம்மில் சொல்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர், குடும்பத்தில் சிறுநீரக நோய் இருப்பவர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், தொடர்ந்து மருந்து எடுப்பவர் ஆகியோர் வைத்தியரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. ஜிம் வலிக்கென்று டைக்குளோபெனக், இபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவது சிறுநீரகத்துக்கு உண்மையாகவே கெடுதி. கிரியற்றினுக்குப் பயப்படும் பலர் இதற்குப் பயப்படுவதில்லை.

உண்மையான பக்கவிளைவுகள்

முதலாவது, நிறை கூடுதல். கிரியற்றின் தசைக் கலங்களுக்குள் நீரையும் இழுத்துக்கொள்வதால் முதல் வாரங்களில் 1 முதல் 2 கிலோ கூடலாம். அது கொழுப்பும் அல்ல, தசையும் அல்ல, நீர். "ஒரு கிழமையில் இரண்டு கிலோ தசை" என்று சந்தோஷப்படுபவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, வயிற்றுக் கோளாறு. ஒரே தடவையில் 10 கிராம் போல எடுத்தால் வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, குமட்டல் வரலாம். சிறிய அளவில், உணவோடு, நிறையத் தண்ணீரில் கரைத்து எடுப்பவர்களுக்கு இது குறைவு.

மூன்றாவது, தசைப்பிடிப்பு. கிரியற்றினால் தசைப்பிடிப்பும் நீரிழப்பும் கூடும் என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும் ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே பயிற்சி செய்பவர், கிரியற்றின் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் போதியளவு தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

நான்காவது, முடி உதிர்தல். இந்தக் கதை 2009இல் தென்னாபிரிக்க றக்பி வீரர்கள் சிலரில் செய்த சிறிய ஆய்வொன்றிலிருந்து வந்தது. முடி உதிர்வோடு தொடர்புள்ள ஓமோன் ஒன்று அவர்களில் கூடியிருந்தது. முடி உதிர்ந்ததா என்று அந்த ஆய்வில் பார்க்கவே இல்லை. 2025இல் வெளியான 12 வார ஆய்வொன்று முடியையும் சேர்த்துப் பார்த்தது, வித்தியாசம் காணப்படவில்லை.

ரின்னுக்குள் வேறு என்ன இருக்கிறது?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். கிரியற்றின் நல்லது என்று ஆய்வு சொன்னால் அது தூய கிரியற்றினைப் பற்றியது. நாம் வாங்கும் ரின்னில் அதுமட்டும்தான் இருக்கிறதா?

2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 துணை உணவுப்பொருட்களைச் சோதித்தது. அவற்றில் 94இல், அதாவது ஏறத்தாழ ஏழில் ஒன்றில், லேபிளில் சொல்லப்படாத ஓமோன் சார்ந்த பொருட்கள் இருந்தன. தூய கிரியற்றின் தடைசெய்யப்பட்ட பொருள் அல்ல. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்தின் தடைப்பட்டியலில் அது இல்லை. ஆனால் அதோடு கலந்து வரும் வேறொன்று தடைப்பட்டியலில் இருக்கலாம்.

தெரியாமல் உட்கொண்டாலும் பொறுப்பு நம்முடையதே என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது உபுல் தரங்கவின் மாதிரியில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் காணப்பட்டது. தோள்பட்டைக் காயத்துக்காக எடுத்த மூலிகை மருந்தினால் வந்தது அது. விளையாட்டில் முன்னேற வேண்டுமென்று அவர் அதை எடுக்கவில்லை என்று ஏற்றுக்கொண்டபோதிலும் மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. கிரியற்றினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் 'உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் குடிக்காதே' என்ற பாடம் ஒன்றே. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கையில் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இயங்குகிறது. மாகாண, தேசிய மட்டங்களில் விளையாடும் நம் சகோதர சகோதரிகள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி ஹலாலைப் பற்றியது. இறைச்சியில் இருப்பதால் இது விலங்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் விற்கும் கிரியற்றின் தொழிற்சாலையில் சார்கோசின், சயனமைட் என்ற இரசாயனங்களிலிருந்து தயாரிக்கப்படுகிறது. ஆனால் கப்சியூல் வடிவில் வந்தால் அதன் உறை ஜெலற்றினாக இருக்கலாம். அது எந்த விலங்கினுடையது என்று பார்க்கவேண்டும். சுவையூட்டிய கலவைகளிலும் உட்பொருட்களின் பட்டியலை வாசிக்கவேண்டும்.

நோன்பு காலத்தில், நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காத உடம்போடு அஸருக்குப் பின் பாரம் தூக்கப் போவது எந்தத் தூளும் இல்லாமலேயே ஆபத்தானது. பயிற்சியை நோன்பு திறந்தபின் வைத்துக்கொள்வதும், நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை போதியளவு தண்ணீர் குடிப்பதுமே முக்கியம்.

குறைந்திருந்த தூள்

கதை நானாவோடு முடியவில்லை.

மறுபரிசோதனை அறிக்கை வந்த மகிழ்ச்சியில் நானா அலுமாரியில் வைத்திருந்த ரின்னை எடுத்தார். தூக்கியதும் அவர் முகம் மாறியது. அது 300 கிராம் ரின். ஒரு நாளைக்கு 5 கிராம் வீதம் 40 நாளில் 200 கிராம் முடிந்திருக்க வேண்டும். மிச்சம் 100 கிராம் இருக்கவேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 10 கிராம்கூட இல்லை.

அந்த வாரத்தில்தான் என் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. வெளியில் வாங்கிச் சாப்பிட்டிருப்பான் என்று உம்மா அவனை ஏசிக்கொண்டிருந்தார். அவனுக்கு 15 வயது. உதைபந்தாட்ட அணித் தெரிவில் அவனை விட்டுவிட்டு உயரமும் உடம்புமான பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். நானாவின் கை பெருத்ததை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். உம்மா சமைக்கும் கரண்டியால் குவித்து அள்ளி, அரைக் கிளாஸ் தண்ணீரில் கலக்கி, ஒரு நாளைக்கு இரண்டு முறை குடித்திருக்கிறான்.

நாங்கள் கேட்டபோது அவன் அழவில்லை. "நானா குடிக்கலாம் எண்டா நான் ஏன் குடிக்கக்கூடாது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் உண்டு. கிரியற்றின் பாதுகாப்பானது என்று காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை வளர்ந்தவர்களில் செய்யப்பட்டவை. வளரும் உடம்பில் நீண்டகாலம் எடுத்தால் என்னவாகும் என்பதற்குப் போதிய ஆய்வுகள் இல்லை. அதனாலேயே அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகம் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது வேண்டாம் என்கிறது. அது விஷம் என்பதால் அல்ல; தேவையில்லை என்பதாலும், தெரியாது என்பதாலும். 15 வயதில் தசையை வளர்ப்பதற்கு உடம்பில் இயற்கையாகவே ஓமோன்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அந்த வயதுக்கு வேண்டியது தூக்கமும், முட்டை, மீன், பருப்பு, பால் போன்ற உணவும், ஒழுங்கான பயிற்சியும். இந்தப் பதில் 17 வயதான எனக்கும், இதை வாசிக்கும் என் தோழியருக்கும் பொருந்தும்.

வாப்பா தம்பியை அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. அன்று பின்னேரம் அவனைக் கூட்டிக்கொண்டு போய் முட்டை வாங்கி வந்தார்.

நாம் கேட்கவேண்டிய கேள்விகள்

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு ரின்னோடு வீட்டுக்கு வந்தால் "இது விஷம்" என்று சொல்லி வீசிவிடாதீர்கள். வீசினால் அடுத்த ரின் வீட்டுக்கு வராது. நண்பன் வீட்டில் இருக்கும். அதைவிட நாலு கேள்விகள் கேளுங்கள். யார் குடிக்கிறார்: வயது என்ன, நோய் ஏதும் உண்டா? எவ்வளவு குடிக்கிறார்: அளவுக் கரண்டியாலா, கைக்கு வந்த கரண்டியாலா? எதைக் குடிக்கிறார்: கிரியற்றின் மொனோஹைட்ரேற் மட்டுமா, பத்துப் பெயர்கள் கலந்த கலவையா, இறக்குமதியாளர் பெயரும் காலாவதித் திகதியும் உண்டா, இன்போர்ம்ட் ஸ்போர்ட் போன்ற சுயாதீனச் சோதனை அடையாளம் உண்டா? ஏன் குடிக்கிறார்? நாலாவது கேள்விதான் முக்கியம். தம்பியிடம் அதை நாங்கள் கேட்கவில்லை. அவன் அணியில் சேர்க்கப்படாதது வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, தூள் எடுக்கத் தொடங்குமுன் ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பின்னர் இலக்கம் கூடினால் எதிலிருந்து கூடியது என்று தெரிய அது உதவும். எந்த வைத்தியரிடம் எதற்காகப் போனாலும் "நான் கிரியற்றின் எடுக்கிறேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இல்லாத நோய்க்கு வைத்தியம் நடக்கலாம். அல்லது உண்மையான நோயை "அது தூளினால்தான்" என்று நீங்களே தட்டிக்கழிக்கலாம். சிறுநீர் குறைந்தால், கறுப்புத் தேநீர் நிறமானால், முகமோ காலோ வீங்கினால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

உடம்பு அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அமானிதமாகத் தரப்பட்ட பொருளை நாம் எப்படிப் பார்த்துக்கொள்வோம்? பயந்து பூட்டியும் வைக்கமாட்டோம், கண்டபடி கையாளவும் மாட்டோம். கணக்கு வைத்திருப்போம்.

நானா இப்போதும் ஜிம்முக்குப் போகிறார். புதிய ரின் ஒன்றும் வாங்கியிருக்கிறார். அதில் ஒரு நாளைக்கு 3 கிராம் எடுக்கிறார். அளவுக் கரண்டி உம்மாவின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மாத முதலாம் திகதியும் நான் அந்த ரின்னைத் தராசில் நிறுத்து, உம்மம்மாவின் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். தம்பி பக்கத்தில் நின்று இலக்கத்தை வாசித்துச் சொல்கிறான். இன்னும் மூன்று வருடம் பொறுக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குள் அது தேவையில்லை என்று அவனே சொல்லிவிடுவான் என்பது உம்மம்மாவின் நம்பிக்கை.